மிச்சத் தோல்

"எல்லாமே மாறிப்போகுதும்மா. மாறாதது ஒண்ணு வேணும்னுதான் உங்களைத் தேடி வர்றேன்."

அன்றைக்கு இப்படித்தான் ஆரம்பித்தார் தணிகாசலம். ஜோலார்பேட்டையில் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஏலகிரி மலைமேல் இருக்கும் பூங்காவனத்தம்மாவைக் குருவாக நினைத்து ஞாயிறு தவறாமல் வருகிறவர்.

அம்மா அவரைவிடப் பல வயது சின்னவர். அவர் இவரை அண்ணா என்பார், இவர் அவரை அம்மா என்பார். இது என்ன முறை என்று இருவருமே குழம்பியதில்லை.

அம்மா முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எதெல்லாம் மாறிவிட்டது என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், தணிகாசலம் வண்டியைக் கிளப்பிவிட்டார். கரி எஞ்சின் போனது, டீசல் போனது, கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு ஊராகப் போனார்கள். நடுவில் எந்த ஸ்டேஷனிலும் நிற்கவில்லை. கடைசியாக வீட்டில், மனைவியிடம் வந்து நின்றார்.

"வேதவல்லியும் மாறிட்டாம்மா. அப்பல்லாம் டூட்டி முடிஞ்சு வந்தா வாசல்ல நிப்பா. இப்ப தட்டை வச்சிட்டு டிவி முன்னாடி போய் உக்காந்துக்கறா."

கல்யாணமான புதிதில் சென்னை பெரியமேட்டில் அவளுக்கென்று ஆசையாக ஒரு தோல் பை வாங்கினாராம். மயில் அச்சுப் போட்ட பை. கொஞ்ச காலம் கையில் வைத்திருந்தாள், அப்புறம் அது போன இடம் தெரியவில்லை. கேட்டால் எங்கேயாவது கிடக்கும் என்கிறாள். நான் கொடுத்ததற்கு அவ்வளவுதான் மரியாதை என்றார் தணிகாசலம்.

"மாறாதது ஒண்ணுகூட இல்லையா?" என்றார் அம்மா.

"ஒண்ணே ஒண்ணு இருக்குது. இந்தக் கோட்டு."

அவர் போட்டிருந்தது பழுப்பு நிற லெதர் ஜாக்கெட். கடைக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள், ரயில்வே காலனியில் அதற்குக் கோட்டு என்றுதான் பெயர். பை வாங்கிய அதே கடையில், அதே நாளில் அளவு கொடுத்துத் தைத்தது. பெங்களூர் லைனில் பனிக்காற்று எஞ்சினுக்குள் அடிக்கும்போதெல்லாம் அவரைக் காப்பாற்றியது.

அன்றைக்கு எப்படிக் கச்சிதமாக இருந்ததோ இன்றைக்கும் அப்படியே இருக்கிறது என்றார். தன் உடம்பும் அப்படியே இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி என்றார். வயிற்றை இழுத்துப் பிடிக்காமலே ஜிப்பை மேலே ஏற்றிக் காட்டினார்.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். வீட்டை விட்டு இங்கேயே வந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். தோட்டத்து மூலையில் சும்மா கிடக்கும் அறை போதும். அம்மா சரியென்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

சொல்லிவிட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். அம்மா அவருடைய கையிடுக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேர்வைக் கறை போலிருக்கிறது என்று தணிகாசலம் கூச்சத்தோடு கையை இறக்கிக்கொண்டார்.

"வாங்கண்ணா. ஆனா இந்தக் கோட்டு இங்க மார்கழிக் குளிருக்குத் தாங்காது. காலர் வெடிச்சிருக்குது. இதே மாதிரி புதுசா ஒண்ணு தைச்சுப் போட்டுக்கினு வாங்க. இம்மியும் மாறக் கூடாது."

இருக்கிற கோட்டையும் விட்டுவிட்டு வா என்று சொல்வார் என்றுதான் தணிகாசலம் பயந்திருந்தார். இன்னொன்று தைத்துக்கொள் என்று சொல்கிற குருவை யார் கண்டது? அவர் சந்தோஷமாக மலை இறங்கினார்.

*

வாணியம்பாடியில் முனவ்வர் மாஸ்டரின் கை பேர்போனது. அவருடைய வாயும் அப்படித்தான். தான் தைத்த கோட்டுகளைப் போட்டுக்கொண்டு எந்தெந்த நாட்டில் யார் யார் திரிகிறார்கள் என்று சொல்லி முடிக்கவே ஒரு டீ ஆறிப்போனது.

இதே மாதிரி வேண்டும் என்றார் தணிகாசலம். பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது என்றார் மாஸ்டர்.

ஆனால் அதற்குப் பழசைப் பிரிக்க வேண்டும். மேலே டேப் வைத்து அளந்தால் வருவது வேறு, ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பரப்பி வரைந்தால் வருவது வேறு.

பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்துக் கொடுப்பீர்கள்தானே என்று கேட்டார் தணிகாசலம்.

"துணின்னா தைக்கலாம் சார். தோல்ல ஊசி இறங்கினா ஓட்டை ஓட்டைதான், மூடாது. இந்தப் பழசுல திரும்பத் தைச்சா அந்த ஓட்டை வழியாவே கிழிஞ்சிடும்."

தணிகாசலம் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அடுத்த பஸ்ஸில் மலை ஏறினார்.

*

"பிரிக்கணுமாம்மா."

அம்மாவின் மடியில் அதே முறம், அதே மொச்சை. அதிலிருந்து ஒரு காயை எடுத்து அவர் கையில் கொடுத்தார். உள்ளே எத்தனை பருப்பு என்று கேட்டார்.

தணிகாசலம் தடவிப் பார்த்தார். மூன்று என்றார்.

"நிச்சயமா?"

நான்காகவும் இருக்கலாம் என்றார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். காதருகே ஆட்டிப் பார்த்தார்.

அம்மா அடுத்த காயை உரிக்கத் தொடங்கிவிட்டார். 

தணிகாசலம் கையிலிருந்த காயை உரிக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி வாணியம்பாடிக்குப் போனார்.

*

பிரிக்கும்போது பார்க்க மனமில்லாமல் அவர் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பின்னால் பிளேடு நூலை அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பது போல இருந்தது அவருக்கு.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது. மாஸ்டரின் பேச்சும் நின்றிருந்தது. அதுதான் அவரைத் திரும்ப வைத்தது.

"சார், எதை மாதிரி தைக்கணும்?"

"இதை மாதிரிதான். அதைத்தானே சொன்னேன்."

"இதுல எதை?"

மேஜைமேல் கோட்டின் பக்கவாட்டைப் பிரித்துப் பரப்பியிருந்தார் மாஸ்டர். முதலில் வெட்டிய துண்டு குறுகலாக இருந்தது. அதை ஒட்டி, கையிடுக்கிலிருந்து இடுப்புவரை ஒரு பட்டை. அதை ஒட்டி இன்னொன்று. அதற்கும் அடுத்து இன்னொன்று. இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே.

"மொதல்ல தைச்சது இந்த அளவு. நீங்க குச்சி மாதிரி இருந்திருக்கீங்க. அப்புறம் ஒவ்வொரு தடவையா பட்டை வச்சு அகலம் விட்டுக்கினே வந்திருக்காங்க. நல்ல வேலை சார். கையை இறக்கினா வெளியே தெரியாது."

அது வேறு யாருடைய கோட்டாகவோ இருக்கும் என்றார் தணிகாசலம். என் உடம்பு அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கிறது என்றும் சொன்னார்.

மாஸ்டர் டேப்பை எடுத்து அவர் வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். எண்ணைப் படித்துச் சொல்லவில்லை. வியாபாரம் தெரிந்தவர்.

பிறகு கடைசிப் பட்டையை எடுத்து விரலால் நீவினார். "இதுதான் எனக்குப் புரியல. மத்த ரெண்டும் கடைத் தோல், சாயம் போட்டு ஒப்பேத்தியிருக்காங்க. இதுக்குச் சாயமே போடல. இந்தப் பழசோட கலருக்குப் புதுத் தோல் எதுவும் வராது சார். இதோட கூடவே இருந்து வயசான தோல் ஏதோ அவங்களுக்குக் கிடைச்சிருக்குது."

சொல்லிக்கொண்டே தையலுக்குள் மடிந்திருந்த ஓரத்தை விரித்தார்.

அந்த ஓரத்தில் ஒரு மயிலின் பாதி உடம்பு அச்சாகியிருந்தது.

தணிகாசலம் அதைத் தொட்டுப் பார்த்தார். நாளைக்கு வருகிறேன் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு அந்தப் பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

*

வேதவல்லி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் பட்டையை அவர் பக்கத்தில் வைத்தார்.

வேதவல்லி அதைப் பார்த்தார். ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"பிரிச்சிட்டீங்களா?"

வாணியம்பாடி மாஸ்டரிடம் புதுசு தைக்கக் கொடுத்திருப்பதைத் தணிகாசலம் சொன்னார். "எப்ப செஞ்ச இதெல்லாம்?"

ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன்னால் எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன் என்று வேதவல்லி கோட்டை வாங்கி வைப்பது வழக்கம். இவர் லைனில் போயிருக்கும்போது, தேவைப்பட்ட வருஷத்தில் திருப்பத்தூருக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பட்டை வைத்து வாங்கி வருவாராம். தணிகாசலம் வந்து மாட்டிப் பார்த்து, எப்படி இருந்தேனோ அப்படியே இருக்கிறேன் பார் என்று கண்ணாடி முன்னால் நிற்பார். வேதவல்லி ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்ச் சிரிப்பாராம்.

"மொத தடவை ஜிப்பு ஏறாம இழுத்துக்கினு நின்னீங்க. அப்படியே அவுத்து வச்சிட்டு வெறும் சட்டையோட டூட்டிக்குப் போனீங்க. உங்க மூஞ்சி பாக்க சகிக்கல எனக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அப்புறம் போட்டுக்குவீங்களா?"

தணிகாசலம் பட்டையைக் கையில் எடுத்தார். மயிலைக் காட்டினார்.

"புதுத் தோலு எதை வச்சாலும் திட்டாத் தெரிஞ்சுது. பை அதே கடையில அதே நாள் வாங்கினதாச்சேன்னு வச்சுப் பாத்தேன். ஒட்டிக்கிச்சு."

"உனக்கு அந்தப் பை பிடிக்கலையோன்னு இருந்தேன்."

"ரொம்பப் பிடிச்சிருந்துச்சு" என்றார் வேதவல்லி.

டிவியில் யாரோ சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள். வேதவல்லி அதைப் பார்த்தபடியே பேசினார்.

"மலைக்கே போய் இருந்துடலாம்னு இருக்கீங்கபோல."

இதுவரை தணிகாசலம் அதை வீட்டில் சொன்னதில்லை. யார் சொன்னது என்று கேட்டார்.

"டிரங்குப் பெட்டியைப் பரண்லேர்ந்து இறக்கித் துடைச்சு வச்சா எனக்குத் தெரியாதா? போங்க. உங்க மனசுக்கு அங்க நல்லா இருந்தா போங்க. ஆனா அந்த மாஸ்டர்கிட்ட புதுக் கோட்டு தைச்ச மிச்சத் தோலை விட்டுட்டு வந்துடாதீங்க. கேட்டு வாங்கியாங்க. பீரோவுல வச்சுக்கறேன். அடுத்த தடவை நான் எந்தப் பைக்குப் போறது?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தணிகாசலத்தை உட்கார வைத்தது. சோபாவில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மனசு நிறைந்து கண்வரை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

டிவியைப் பார்த்து, அந்தப் பொண்ணு எதுக்கு அழுகிறாள் என்று கேட்டார். வேதவல்லி முதலிலிருந்து கதை சொன்னார். அது நீளமான கதை. தணிகாசலம் நடுவில் எழுந்திருக்கவே இல்லை.

*

மார்கழி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக் கோட்டோடு மலைக்கு வந்தார்.

பளபளவென்று இருந்தது. இன்னும் விறைப்பு விடவில்லை, கையை அசைத்தால் கிறீச்சென்றது. அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார். பக்கவாட்டு ஒரே துண்டாக, அகலமாக இருந்தது. முன்பக்கத்தை விலக்கிப் பார்த்தார். உள்பையின் வாயில் அந்த அரை மயில் தைக்கப்பட்டிருந்தது.

"பழசு மாதிரியேவா?"

"இல்லம்மா. இப்ப இருக்கற எனக்குப் பத்தற மாதிரி."

அம்மா தலையாட்டினார். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். தோட்டத்து அறையைப் பெருக்கி, பாய் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்.

"டிரங்குப் பெட்டி எங்கண்ணா, பஸ் ஸ்டாண்டுல இருக்குதா?"

"அதைத் திரும்பப் பரண்ல ஏத்திட்டேன்."

"ஏன், வரலையா?"

தணிகாசலம் அவர் எதிரில் உட்கார்ந்து முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு மொச்சைக் காயை எடுத்து உரித்தார்.

"வர முடியாதும்மா. மிச்சத் தோல் வீட்டுல இருக்குது."