பத்தாம் கட்டளைவரை நின்றவள்

செம்மணல் தேரிக்காட்டின் ஓரத்திலுள்ள கிருபாபுரம் சபையில், அதை நிறுவியவர்கள் ஏற்படுத்திய விதி ஒன்று உண்டு. ஆண்டின் முதல் திருவிருந்தன்று சபையார் எழுந்து நிற்க, குருவானவர் பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக வாசிப்பார். எந்தக் கட்டளையை மீறியதாக ஒருவரின் மனச்சாட்சி சொல்கிறதோ, அந்த இடத்தில் அவர் உட்கார்ந்துவிட வேண்டும். பத்தும் முடிந்த பிறகும் நிற்பவர் மட்டுமே, சபைக்குப் புறம்பாக்கப்பட்ட ஒருவரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துவரலாம். அவ்வாறு அழைக்கப்படாதவருக்குத் திருவிருந்தும் கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அந்தக் கோயிலில் பீடத்துக்கு முன்னுள்ள மரத் தடுப்பு முழங்கால் உயரமே இருக்கும். மண்டியிட்டவர்களின் கைகளில்தான் குருவானவர் திருவிருந்து அப்பத்தை வைப்பார். நின்றுகொண்டு அதை வாங்கியவர் எவருமில்லை.

ரூபவதி அந்த ஆண்டு முழுவதும் அந்த ஒரு நாளுக்காகவே வாழ்ந்தாள். அவள் தம்பி இஸ்ரவேல், சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு விறகேற்றிய டிராக்டரைக் குடிபோதையில் ஓட்டி ஓடைக்குள் கவிழ்த்தவன். விறகின்மேல் உட்கார்ந்து வந்த தங்கதுரை அங்கேயே இறந்துபோனான். சிறையிலிருந்து திரும்பியவனைச் சபை சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது ஈரல் கெட்டு, வயிறு வீங்கிய அவனை மருத்துவர்களும் கைவிட்டுவிட்டார்கள்.

"அக்கா, கடைசிவரைக்கும் நிப்பியா?" என்று திருவிருந்தன்று காலையில் அவன் கேட்டான்.

"நிப்பேம்ல. ஒரு வருசமா ஒரு பொய் சொல்லல, ஒருத்தர்கிட்ட சத்தம் போடல. ஞாயித்துக்கெழம அடுப்புகூடப் பத்தவைக்கலியே!"

"அதான் பழைய சோத்தப் போட்டே கொன்னுட்டியே. ஆறாங் கட்டளையில உக்காந்துராத" என்று சிரித்தான் அவன். பிறகு கோயில் வாசலில், செருப்புகள் கிடக்கும் இடத்தில் போய்ச் சாய்ந்துகொண்டான்.

வாசிப்பு தொடங்கியது. ஐந்தாம் கட்டளைக்குள் பாதிச் சபை உட்கார்ந்துவிட்டது. கொலையைக் குறித்த ஆறாம் கட்டளையில் அந்தக் கோயிலில் எவரும் உட்கார்ந்ததேயில்லை. அன்று ஒருத்தி உட்கார்ந்தாள். தங்கதுரையின் மனைவி பாக்கியத்தாய்.

குருவானவரே வாசிப்பை நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்றவள் பதறிப்போய் அவள் தோளைத் தொட்டாள்.

"ஏட்டி, இது கொலைக்குள்ள கட்டளைடி!"

"தெரிஞ்சுதான் உக்காந்தேன். வாசல்ல கெடக்கானே, அவன மனசுக்குள்ள தெனமும் கொன்னுக்கிட்டுத்தான இருக்கேன்."

ரூபவதிக்கும் அது கேட்டது. ஆனாலும் நின்றாள். பொய்ச் சாட்சியைக் குறித்த ஒன்பதாம் கட்டளை முடிந்தபோது அவளோடு நின்றவன் ஜெபராஜ் மட்டுமே. விபத்தன்று இஸ்ரவேலுக்குக் குடிக்க ஊற்றிக்கொடுத்தவன் அவன்தான் என்பது, அவன் மறுத்தாலும், ஊரறிந்த செய்தி. "பொய் சொல்லாத உத்தமன் நிக்காம்ல, பாருங்க" என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள்.

பிறனுக்கு உரியதை இச்சிக்கலாகாது என்ற பத்தாம் கட்டளை வந்தது. வீடா, நகையா, நிலமா? எதற்கும் தான் ஆசைப்படவில்லை என்று ரூபவதி அமைதியாகத் தன்னைச் சோதித்துக்கொண்டாள். அப்போது அவள் பார்வை பாக்கியத்தாயின் குனிந்த தலைமேல் விழுந்தது. ஊரே அந்த வீட்டில் போய் அழுதது, சோறு கொண்டுபோனது, இன்றும் அவளைக் கண்டால் வழிவிடுகிறது. தம்பியை உயிரோடு இழந்த தன் வீட்டு வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை. அந்த மரியாதை தனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்று எத்தனை முறை ஏங்கியிருக்கிறாள்! தன் தம்பியால் விதவையானவளின் துக்கத்தின்மேலா தனக்குப் பொறாமை? இது எங்கே ஒளிந்துகிடந்தது?

வாசல் வழியே இஸ்ரவேல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நின்றால் அவன் உள்ளே வரலாம். எவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

ரூபவதி உட்கார்ந்தாள். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

ஜெபராஜ் உட்காரவில்லை. நேரே வாசலுக்கு நடந்தான். "வா மாப்ள, எந்திரி" என்று கையை நீட்டினான்.

"வேண்டாம்ல ஜெபா. நீ நிக்கது பொய்யின்னு எனக்கே தெரியும். பீடத்துக்கு முன்ன வச்சு எனக்காகப் பொய் சொல்லாத."

நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. அந்த நேரத்தில்தான் பாக்கியத்தாய் எழுந்தாள். சபை மூப்பர் திடுக்கிட்டு, "பாக்கியம், உக்காந்தவங்க கூப்பிடக் கூடாது. விதி இருக்கும்மா" என்றார்.

"விதிப்படிதான் உக்காந்தேன் ஐயா. இப்பம் எந்திரிக்கேன்."

செருப்புகளுக்கு நடுவே போய், தன் கணவனைக் கொன்றவனின் வீங்கிய கையைப் பிடித்தாள்.

"எந்திரி. ஒன்ன வெளிய விட்டுட்டு எனக்கும் உள்ள போவ வழியில்ல."

இஸ்ரவேல் அவள் கையைப் பற்றிக்கொண்டு எழுந்தான்.

ரூபவதி உண்மைக்காகத் தம்பியைக் கைவிட்டாள். ஜெபராஜ் நண்பனுக்காகப் பொய்யாக நின்றான். பாக்கியத்தாய் உரிமையில்லாமல் கைப்பிடித்தாள். இவர்களில் கட்டளைகளின் நோக்கத்தை நிறைவேற்றியவர் யார்?

விடை: பாக்கியத்தாய். மனிதருக்கு உள்ளே கிடப்பதை அவர்களுக்கே காட்டுவது கட்டளையின் வேலை. அந்த வேலை ரூபவதியிடமும் நடந்தது. ஆனால் உட்கார்ந்ததோடு எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்துவிட்டாள்; பாக்கியத்தாயோ தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட இடத்திலிருந்தே எழுந்து அவனிடம் போனாள். ஜெபராஜின் அன்பு மெய்யானது. எனினும், குற்றமற்ற கை தன் கையாகவே இருந்தாக வேண்டும் என்று அவன் எண்ணியதால் அவனுக்குப் பொய் தேவைப்பட்டது. குற்றமற்ற கையைச் சபையில் தேடியதுதான் நிறுவியவர்கள் செய்த பிழை. அந்தக் கைக்கு உரியவர் சிலுவையில் தம்மையே கொடுத்துவிட்டார். அதன் அடையாளமாகத்தான் பீடத்தின்மேல் அப்பம் இருந்தது. அதை வாங்க எல்லோரும் மண்டியிட்டே ஆக வேண்டும் என்பதை அந்தத் தாழ்ந்த தடுப்பு ஒவ்வொரு திருவிருந்திலும் சொல்லிக்கொண்டேயிருந்தது. இஸ்ரவேலை நடத்திக்கொண்டு வந்த பாக்கியத்தாய், ரூபவதியின் இருக்கை அருகே வந்ததும் நின்றாள். அவளுடைய இன்னொரு கை காலியாகத்தான் இருந்தது.