லிஃப்ட் நின்ற நாட்கள்

சிவசைலம் கல்லூரி வேலையை விட்டுவிட்டுப் பேராசிரியை ஹெப்சிபாவிடம் ஆய்வுக்குச் சேர்ந்தவன். டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் உலோகத்தின் அணு எந்தச் சிவப்பு ஒளியை ஏற்கும் என்று அளப்பது அவன் வேலை. அவன் செலுத்தும் லேசர் ஒளியின் நிறம் மயிரிழை பிசகினாலும் அந்த அணு அதைக் கண்டுகொள்ளாது.

வருடக்கணக்காகத் தேடியபின் ஒருநாள், அணு ஒளியை ஏற்ற இடத்தைக் காட்டும் ஒடுங்கிய கோடு திரையில் விழுந்தது. உடனே கட்டுரை எழுதிக் கொண்டுபோனான்.

ஹெப்சிபா படித்துப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஓடுகிறது, அதன் காந்தப்புலம் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கலாம் என்றார். லிஃப்ட் நிற்கும் விடுமுறை நாட்களில் மறுபடி அளக்கச் சொன்னார்.

தீபாவளிக்கு அளந்தான். பொங்கலுக்கும் அளந்தான். மனைவி கோமதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தனியாகவே ஊருக்குப் போய்வந்தாள். நடுவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. வெளியான கட்டுரை ஒன்றுகூட இல்லையா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் பார்த்தால், கோடு முதலில் விழுந்த இடத்திலேயே இருந்தது. அந்த வாரமே வெளிநாட்டுக் குழு ஒன்று அதே அளவை வெளியிட்டது.

அந்தக் கட்டுரையை ஹெப்சிபாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தான். அவர் கடைசி வரி வரை படித்தார். பிறகு அந்தக் குழுவுக்கு ஒரு வாழ்த்து எழுதி, தன் பெயரைப் போட்டு, கணினியை அவன் பக்கம் திருப்பினார். அவனும் தன் பெயரைத் தட்டினான். விரல் தவறியது. அழித்துவிட்டு மறுபடி தட்டினான்.

"லிஃப்டால ஒண்ணுமே ஆகலை, மேடம்."

"ஆமா."

"நான் முதல்ல கொண்டுவந்ததும் இதே எண்தான்."

"இதேதான்."

"இனிமே அந்த வேலைக்கு எனக்கு வயசு தாண்டிடும்."

"தெரியும். அது போனது என்னாலதான்."

"அன்னைக்கு நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

ஹெப்சிபா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லியிருந்தா எண் சரியா இருந்திருக்கும். தெரியாம நான் சொன்னது பொய்யா இருந்திருக்கும்."