காரியின் கழுத்துக் கட்டு

ஒரு காட்டின் நடுவே பெரிய ஏரி இருந்தது. வடகரையில் முயல்கள், மான்கள், பன்றிகள், காட்டுப்பூனைகள். தென்கரை முழுக்க நரிகள். ஏரியின் குறுக்கே ஒரு மருதமரம் விழுந்து பாலமாகக் கிடந்தது. பாலத்தின் நடுவில், அதை ஒட்டித் தண்ணீருக்குள் ஒரு பட்டமரம் நின்றது. அதன் உச்சியில் காரி என்ற நீர்க்காகம் தனியாக உட்கார்ந்திருப்பான்.

நரிகளுக்கு மீன் என்றால் உயிர். ஆனால் தண்ணீரில் இறங்கப் பயம். அதனால் நீர்க்காகங்களைக் குஞ்சிலேயே பிடித்து, கழுத்தில் நாரால் இறுக்கிக் கட்டிவிடும். கட்டுப் போட்ட பறவை முங்கி மீன் பிடிக்கும். ஆனால் விழுங்க முடியாது. கரைக்குக் கொண்டுவந்து கக்கும். நரி தின்னும். நரி போடும் துணுக்கு மட்டும்தான் பறவையின் தொண்டையில் இறங்கும். ஓடிப்போனால் பட்டினி.

வடகரைக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். காட்டுப்பூனைகள் இலந்தைப் பழம் கொடுத்து அந்த மீனைத்தான் வாங்கித் தின்றன.

"அது அந்தக் கரை வழக்கம். நமக்கு எதுக்கு வம்பு?" என்று வாயைத் துடைத்துக்கொண்டன.

பாலத்தில் போகிற முயல்கள் மட்டும், "என்ன காரியண்ணே, இன்னைக்கு விராலா, கெண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போகும். நாள் முழுக்க அவனுக்கு வாய்க்கிற பேச்சு அவ்வளவுதான். அதற்காகவே காத்துக்கொண்டிருப்பான்.

ஒரு காலையில், கூடு தைக்க நார் தேடி ஒரு தையல்சிட்டு அந்தப் பக்கம் வந்தாள்.

"அண்ணே! உங்க கழுத்துல இருக்கிற நார் நல்லா இருக்கே! எங்க கிடைச்சுது?"

"இது நானாக் கட்டிக்கிட்டது இல்லைம்மா. நரி கட்டினது."

காரி எல்லாவற்றையும் சொன்னான். வாய் நிறைய மீனோடு பசித்திருப்பதைச் சொன்னான். போன மழைக்கு முன் அந்த நரி அவன் குஞ்சைப் பிடுங்கி வேறொரு நரியிடம் கொடுத்ததைச் சொன்னான். பிறகு தயங்கிக் கேட்டான்.

"உன் அலகு ஊசி மாதிரி இருக்கு. இந்த முடிச்சைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுறியா?"

சிட்டு பாலத்தைப் பார்த்தாள். அதன் தென்முனையில், காரிக்குக் கட்டுப் போட்ட செம்பட்டை என்ற கிழட்டு நரி ஒற்றைக் கண்ணைத் திறந்துவைத்துப் படுத்திருந்தது.

"ஐயோ அண்ணே! அது பாலத்துல ஓடிவந்து ஒரே கவ்வாக் கவ்விடும்! ஆனா ஒண்ணு. உங்க கதையை வடகரை பூராச் சொல்றேன்!"

சொல்லிவிட்டுப் பறந்துபோனாள். அவள் போன திசையையே காரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிட்டு பொட்டு அளவு. குரலோ காட்டையே எழுப்பும். காரியின் பெயரைச் சொன்னால் நரி அவனை வதைக்குமே என்று, ஆம்பல் என்ற தாய்ப்பறவையாக மாற்றிக் கதை கட்டினாள். ஆம்பல் வாயில் மீனோடு தன் குஞ்சைத் தேடி ஏரியைச் சுற்றிச் சுற்றி வருவாள். வாயைத் திறந்து கூப்பிட்டால் மீன் விழுந்துவிடும். கூப்பிடாவிட்டால் குஞ்சுக்குக் கேட்காது.

அந்த இடம் வந்ததும் மான்கள் விம்மின. முயல்களுக்குப் புல் இறங்கவில்லை. காட்டுப்பூனைகள் தின்றுகொண்டிருந்த மீனைத் துப்பிவிட்டு, "இனிமே தென்கரை மீனே வேண்டாம்!" என்றன. நேற்றுவரை தெரிந்த விஷயத்துக்கு இன்று புதிதாக அழுதன! கதைக்கு அப்படி ஒரு சக்தி உண்டு. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

தென்கரை கொதித்துப்போனது. செம்பட்டை பாலத்தில் ஏறிக் கத்தியது.

"ஆம்பல்னு ஒரு நீர்க்காகமே எங்க கரையில இல்லை! வேணும்னா வந்து தேடிப் பாருங்க! பச்சைப் பொய்!"

நரிகள் ஒரு கிளியைப் பிடித்து எதிர்க்கதையும் சொல்லவைத்தன.

"கட்டு இல்லாட்டி நீர்க்காகம் ஆசையில அள்ளித் தின்னு விக்கிச் செத்துப்போகும்! கட்டிவிட்ட நரியைத் தினமும் கும்பிட்டுத்தான் அது தூங்கும்!"

நரிக்குட்டிகள் கேட்டுப் பூரித்துப்போயின. ஏரி நடுவில் உட்கார்ந்திருந்த நீர்க்காகத்தைத் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஆம்பல் இருக்கா!"

"இல்லவே இல்லை!"

இந்தச் சண்டை வளர்ந்து, 'வடகரையான்' 'தென்கரையான்' என்பதே வசவாகிப்போனது. கடைசியில், "கதை வர்ற வழியையே அடைக்கிறோம்!" என்று நரிகள் மருதமரத்தை ஒரு முனையில் தள்ளின. "நாங்களும் உங்க முகத்துல முழிக்கத் தயாரா இல்லை!" என்று பன்றிகள் மறுமுனையில் தள்ளின. அந்த ஒரு வேலையில் மட்டும் இரண்டு கரையும் ஒற்றுமையாக இருந்தன. மரம் மிதந்து எங்கோ போயிற்று.

பாலம் போனதும் முயல்களும் வருவதில்லை. விராலா கெண்டையா என்று கேட்க ஆளில்லை. மீன் விற்காத ஆத்திரத்தில் செம்பட்டை, கரைக்கு மீன் கக்க வந்த காரியின் கட்டை இன்னும் இறுக்கியது. இரண்டு கரைக் கூச்சலும் தலைக்குமேல் போக, நடுவில் அவன் மட்டும் ஈரச் சிறகை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊரே தன் துயரத்தைப் பேசும்போது தன்னோடு பேச ஒருவரும் இல்லாததைப்போல் கொடுமை வேறில்லை.

ஒருநாள் பொறுக்கமுடியாமல், இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கத்தினான்.

"நான் இங்கதான் இருக்கேன்!"

வடகரையில் ஒரு மான் எரிச்சலோடு திரும்பியது.

"யாரது குறுக்கே கரையறது? ஆம்பலைப் பத்தி முக்கியமாப் பேசிக்கிட்டிருக்கோம்!"

அந்த மானின் கொம்பில்தான் சிட்டு உட்கார்ந்து பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க இரை இறங்கவில்லை.

மறுநாள் விடியலில், பனிமூட்டத்துக்குள் பறந்து பட்டமரத்துக்குப் போனாள். போனதும் முடிச்சில் அலகை வைத்தாள். நனைந்து ஊறிய முடிச்சு லேசில் இளகவில்லை. பனி விலகியது.

"ஏய்! யாரது கட்டுல வாயை வைக்கிறது?" செம்பட்டை பாய்ந்து வந்தது. முன்கால் தண்ணீரில் பட்டதும் துள்ளிப் பின்வாங்கியது. பாலத்தைத் தள்ளிவிட்டதே அதுதானே!

சிட்டு முடிச்சை விடவில்லை. நார் அவிழ்ந்து விழுந்தது.

காரி தண்ணீருக்குள் பாய்ந்தான். ஒரு கெண்டையோடு மேலே வந்தான். பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஒரு முழு மீன் அவன் தொண்டையில் இறங்கியது. அவன் அழுதுவிட்டான்.

"என் பேரு ஆம்பல் இல்லைம்மா. காரி."

"தெரியும் அண்ணே. தெரிஞ்சுதான் அன்னைக்குப் பறந்து போனேன்."

காரி தென்கரையைப் பார்த்தான். "என் குஞ்சு கழுத்துலயும் கட்டு இருக்கு. அங்க, நரிங்க நடுவுல. வர்றியா?"

அங்கே அவளுக்கும் நரிக்கும் இடையில் தண்ணீர் இருக்காது. சிட்டு சிறகை விரித்தாள்.

"வர்றேன், அண்ணே."

அதற்குள் கரைகள் விழித்துவிட்டன. "இருக்கா!" "இல்லை!" என்று கூச்சல் தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்தில், பெரிதும் சிறிதுமாக இரண்டு பறவைகள் தண்ணீரை ஒட்டித் தெற்கே போனதை வடகரையில் ஒருவரும் கவனிக்கவில்லை.

கதை கேட்டு அழுவது நல்லதுதான், ஆனால் அழுதவரே அருகில் போய் முடிச்சில் கை வைக்கும்வரை கட்டுப்பட்டவரின் தனிமை தீராது.