சுமை இறங்கியதும் கழுதை கத்துவது ஏன்?

அந்தக் காலத்தில் கழுதைகளுக்கும் நம்மைப் போலவே பேச்சு இருந்தது. கடலோர உப்பள ஊர் ஒன்றில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் மாசானம், கழுதைமேல் உப்பேற்றி மலையடி ஊர்களுக்குக் கொண்டுபோய், அதற்கு மாற்றாகச் சோளம் வாங்கி வருவான். ஓர் ஐப்பசி மாதம் கழுதை மட்டும் வெறும் முதுகோடு திரும்பி வந்தது.

சடைச்சி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம். கழுதையும் வாய் திறக்கவில்லை. மழை விட்டதும் அவளே உப்பேற்றிக்கொண்டு அந்தப் பாதையில் கிளம்பினாள். தூரத்தில் தலைப்பாகையோடு யாராவது வந்தால் அவள் நடை வேகமாகும். முகம் தெரிந்ததும் தளர்ந்துவிடும். தங்குகிற இடத்தில் அவனுக்கும் சேர்த்தே உலை வைப்பாள்.

ஆற்றங்கரைக்கு வந்ததும் கழுதை தண்ணீரில் கால் வைக்க மறுத்தது. அவள் மூட்டைகளை இறக்கினாள்.

"இப்ப வா எய்யா. முதுகுலதான் ஒண்ணுமில்லையே."

"இருக்கு தாயி. நீ இறக்காதது ஒண்ணு இருக்கு," என்றது கழுதை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மணலில் அப்படியே உட்கார்ந்தாள். "அப்போ அதையும் இறக்கி வை," என்றாள். மூட்டைக்கு மட்டுமே சொல்லிவந்த சொல் அது. வேறெதற்கும் யாரும் அதைச் சொல்லி அதுவரை கேட்டதில்லை.

கழுதை சொன்னது. அன்றைக்கு அதற்குக் கால் நொண்டியதாம். மாசானம் ஒரு சோள மூட்டையைத் தன் முதுகில் கட்டிக்கொண்டானாம். நடு ஆற்றில் இருக்கும்போது வெள்ளம் வந்துவிட்டது.

"முதல்ல என் மூட்டையைத்தான் அவுத்தாரு தாயி. அவரு முதுகுக் கயிறு நனைஞ்சு இறுகிப்போச்சு. 'நீ போயிரு'ன்னாரு. நான் வந்துட்டேன்."

சடைச்சி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே தன்னுடையதையும் சொன்னாள். "கெளம்புற அன்னைக்கு ஏதோ கோவத்துல நான் அவரு மொகத்தையே பாக்கல. ஒரு தரம் பாத்திருக்கலாம்லா..."

அதைக் கேட்டதும் கழுதை ஆற்றைப் பார்த்துக் கழுத்தை நீட்டி, "மாசானம்!" என்று கூப்பிட்டது. பதில் இல்லை. அவளுக்காக இன்னும் பலமாகக் கூப்பிட்டது. கூப்பிடக் கூப்பிடத் தொண்டை கிழிந்து, பெயர் உடைந்து, வெறும் ஓலம்தான் மிஞ்சியது. அதற்குப் பிறகு அதன் வாயில் வேறு சொல்லே வரவில்லை.

அன்று முதல்தான், துக்கத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பவரிடம் நாம் "இறக்கி வை" என்கிறோம். முதுகுச் சுமை இறங்கிய கழுதையும் தூரத்தைப் பார்த்து அப்படிக் கத்துகிறது.