ஒற்றை ஷூ ஆட்டம்

மரியசூசை போலீஸ் பயிற்சிப் பள்ளியில் இருபது வருஷம் கவாத்து சொல்லிக் கொடுத்தவர். அவர் விசில் ஊதினால் மீசை வைத்த ஆம்பிளைகளே விறைத்து நிற்பார்கள். ஓய்வு பெற்றதும் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடன உடற்பயிற்சி சொல்லித் தரச் சேர்ந்தார். அங்கேதான் மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார்.

விசிலுக்கு ஒரு வாண்டும் மசியவில்லை. பாட்டு போட்டால் பாதி வாண்டுகள் மணலில் உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்து மீதியும் உட்காரும்.

"வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன் சார். இப்படியே இருந்தா இந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துடுவேன்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

வேலை போனால் போகட்டும், பல் விழுந்த பிள்ளைகளிடம் தோற்றுப் போவதா? மரியசூசைக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளைகளை ஆட வைப்பதில் அந்த ஊரில் பேர் வாங்கியவர் தில்ஷாத் டீச்சர். மரியசூசையின் கடைசி மகள் வயசுதான் இருக்கும். பூங்காவில் அவர் நடத்தும் வகுப்புக்கு இவர் வெட்கத்தை விட்டுப் போய் நின்றார்.

"டீச்சர், பிள்ளைகளை எப்படி ஆட வைக்கிறது?"

"கேள்வி அப்புறம் சார். முதல்ல வந்து ஆடுங்க."

ஆடினார். எல்லாரும் கை தட்டும்போது ஒரு பொடியன் மட்டும் கொசு அடிப்பதுபோல் கையை வீசிக்கொண்டிருந்தான். தில்ஷாத் அதட்டவில்லை. தன் ஸ்டெப்பை விட்டுவிட்டு அவரும் கொசு அடித்தார். கூட்டமே கொசு அடித்தது.

"அவன் தப்பா ஆடுறானே டீச்சர், திருத்த வேணாமா?"

"அவனுக்கு மூச்சு வாங்குதா?"

"வாங்குது."

"சிரிக்கிறானா?"

"சிரிக்கிறான்."

"அப்புறம் எதைத் திருத்தச் சொல்றீங்க?"

இதுவும் ஒரு பதிலா என்று முணுமுணுத்தபடியே மரியசூசை வீடு போய்ச் சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. தலைமையாசிரியை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. பிள்ளைகள் வழக்கம்போல் ஒவ்வொன்றாய் உட்கார்ந்தன. மகிழினி என்று ஒருத்தி, அந்தப் பீரியடில் எழுந்ததே கிடையாது. அவள் கழற்றிப் போட்ட ஒரு ஷூவை எவனோ எட்டி உதைத்துவிட்டான். சாக்ஸில் மணல் ஒட்டிவிடுமே என்று அவள் ஒற்றைக்காலில் நொண்டியடித்துக்கொண்டு ஷூவைத் தேடிப் போனாள்.

மரியசூசையின் கை விசிலுக்குப் போனது. பிறகு என்ன நினைத்தாரோ, தன் ஷூ ஒன்றைக் கழற்றி வீசிவிட்டு அவள் பின்னாலேயே நொண்டியடிக்க ஆரம்பித்தார்!

ஐயோ, அந்தக் கூச்சலை என்ன சொல்ல! ஒற்றை ஷூக்கள் நாலாபக்கமும் பறந்தன. மைதானம் முழுக்க நொண்டி. முன்னால் மகிழினி, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. பாட்டு முடிந்தும் ஒருத்தரும் நிற்கவில்லை. "இன்னொரு தடவை சார்!" என்று கத்தினார்கள். தலைமையாசிரியை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"கணக்கு எங்கேயும் ஓடிடாது. நீங்க பாட்டைப் போடுங்க சார்!"

சாயங்காலம் மரியசூசை பூங்காவுக்கு ஓடி, மகிழினி நொண்டியடித்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஜெயிச்சுட்டோம் டீச்சர்! ஆனா ஒண்ணு, நான் சொல்லிக் குடுத்ததை ஒருத்தரும் ஆடலை. திங்கக்கிழமை என்ன சொல்லிக் குடுக்கட்டும்?"

தில்ஷாத் சிரித்தார்.

"என்னை ஏன் சார் கேக்குறீங்க? மகிழினியைப் போய்க் கேளுங்க."