கடைசிப் பத்துப் பக்கம்

“ஞானம் தேடி உங்ககிட்ட வந்தேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!”

கோமதிநாயகம் மடத்து வாசலிலேயே வெடித்தார். சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு நாவல் எழுதி, முதல் பிரதியைத் தைப்பூசத்தன்று சாமியின் காலடியில் வைத்திருந்தார். ஆடி பிறந்துவிட்டது. சாமி அதைப் பிரிக்கக்கூட இல்லை.

இப்போது சாமி ஊஞ்சலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? நித்யமல்லி எழுதிய குடும்ப நாவல்! வயிறு எரியுமா எரியாதா?

“என்ன சாமி இருக்கு இதுல? திமிர் பிடிச்ச பணக்காரன். ரோஷக்காரப் பொண்ணு. நடுவுல ஒரு சந்தேகம், ஒரு மழை. கடைசியில மன்னிப்புக் கேப்பான், தாலி கட்டுவான். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இதே கூத்து! பேரை மட்டும் மாத்துதா!”

“ஆமாவே,” என்று சாமி பக்கத்தைப் புரட்டினார்.

“அப்ப என் புத்தகம் இதுக்கும் கீழயா? இன்னைக்குச் சொல்லிருங்க. இல்லேன்னா மடத்தைவிட்டே போயிருதேன்.”

சாமி எழுந்துபோய் அவருடைய நாவலையும் எடுத்துவந்தார். இரண்டு புத்தகத்திலும் கடைசிப் பத்துப் பக்கத்தைக் கிழித்தார்.

“அய்யய்யோ! என் ரத்தம் சாமி அது!”

“ரெண்டும் என்கிட்ட பத்திரமா இருக்கும். நித்யமல்லியைப் படிச்சுட்டு வந்து, குப்பைன்னு எனக்குக் காட்டும். காட்டிட்டீர்னா உம்ம நாவலைச் சபையில நானே வாசிக்கேன்.”

விடுவாரா கோமதிநாயகம்? பென்சிலும் கையுமாகக் கிணற்றடியில் உட்கார்ந்தார். முதல் பக்கத்திலேயே பிழை. சரக்கென்று கோடு போட்டார். பணக்காரன் காரில் வந்து இறங்கினான். “வந்துட்டான்யா மகராசன்!” என்று பல்லைக் கடித்தார். சொன்னபடி மழையும் பெய்தது. அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய இடத்தில் பென்சில் எங்கேயோ உருண்டுபோனது. சாப்பாட்டு மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“ஸ்டேஷன்ல தனியா நிக்கா சாமி! ரயில் வந்துருச்சு. அந்த மடப்பய இன்னும் கார்ல உக்காந்து யோசிச்சுட்டு இருக்கான்! குடுங்க!”

சாமி, கிழித்து வைத்திருந்த இரண்டு கற்றைகளையும் நீட்டினார். கோமதிநாயகம் ஒன்றைப் பிடுங்கி, நின்றபடியே படிக்க ஆரம்பித்தார்.

“உம்முடையது இங்க இருக்குவே.”

“அது எங்க போயிரப்போகுது? சும்மா இருங்க சாமி, இப்பத்தான் அவன் வாயைத் திறக்கான்!”