உப்புத்துறைக்கு இரண்டே கிணறு

முன்னொரு காலத்தில் வேம்பாற்று நாட்டை விசயகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் சிரிப்பு வந்தால் ஓர் ஊரையே எழுதிக் கொடுப்பார். சலிப்பு வந்தால் சோறு கேட்டு வந்தவனையும் எழுந்து போகச் சொல்வார். யோசனை கேட்க அவருக்கு மந்திரி திருமேனியார் இருந்தார். புகழ்ந்து பேசப் பொக்கிஷ அதிகாரி கனகசபையார் இருந்தார். மந்திரிக்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்த்துப் பார்த்துக் கனகசபையாருக்கு வயிறு எரியும்.

நாட்டின் கிழக்குக் கரையில் உப்புத்துறை என்று ஓர் ஊர். முன்பு முந்நூறு வீடுதான். பிறகு கப்பல்கள் வர ஆரம்பித்தன. பண்டகசாலைகள் எழும்பின. பிழைக்க வழி தேடி ஜனங்கள் நாலு திசையிலிருந்தும் வந்து குவிந்தார்கள். பத்தே வருஷத்தில் ஒன்பதாயிரம் வீடு. நாட்டின் வரியில் பாதி அங்கிருந்துதான் வந்தது. ஆனால் ஊருக்குக் கிணறு அதே இரண்டு. வைத்தியசாலையில் அதே நாலு கட்டில்.

ஒரு வருஷம், எந்த ஊருக்கு என்ன செலவு செய்வது என்று சபையில் படிக்கிற நாளில், உப்புத்துறையிலிருந்து கொற்றாயி என்ற மருத்துவச்சி வந்து கும்பிட்டாள்.

"மகாராசா, ஒரு குடம் தண்ணிக்கு எங்க சனம் அரை நாள் நிக்குது. தாகம் தாங்காம ஓடைத் தண்ணியைக் குடிக்குதுங்க. வாந்தி பேதி ஆரம்பிச்சிருச்சு. நாலு கட்டில்ல நாப்பது பேரைப் போட்டு வச்சிருக்கேன். கிணறு வெட்டிக் குடுங்க."

கனகசபையார் ஓலையைப் பிரித்தார். "உப்புத்துறை. வீடு முந்நூறு, கிணறு இரண்டு, கட்டில் நாலு. தங்கள் தகப்பனார் காலத்தில் எழுதியது, மகாராஜா. எழுதியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மற்றவர்களை யார் அங்கே வரச் சொன்னது?"

சபை சிரித்தது. "பதிலாக, கப்பலில் வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்க, தங்கள் பெயரில் அங்கே ஓர் அலங்கார வளைவு கட்டலாம்" என்றார் கனகசபையார். ராஜாவின் முகம் மலர்ந்தது.

திருமேனியார் எழுந்தார். "மகாராஜா, ஏழு வருஷமாகச் சொல்கிறேன். ஊர் வளர்ந்துவிட்டது. ஓலை வளரவில்லை."

"ஏழு வருஷமாகக் கேட்டு எனக்குக் காது வலிக்கிறது" என்றார் ராஜா. "இனிமேல் கணக்கும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். நீர் சொல்வதுதான் நியாயம் என்று கனகசபையாரே தம் வாயால் சொல்லும்படி செய்யும். என் பட்டாபிஷேக ஆண்டு விழா நாள் வரை, நாற்பது நாள் தவணை. தோற்றால் உமக்கு மந்திரி பதவி இல்லை."

வாசலில் திருமேனியார் கொற்றாயியிடம், "நாற்பது நாள் பொறுத்துக்கொள்ளம்மா" என்றார்.

"நாப்பது நாளா?" என்றாள் அவள். வந்த வழியே நடந்தாள்.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் திருமேனியாருக்கு யுக்தி தோன்றிவிட்டது. ஆனால் அதற்கு அந்த நாள் வரவேண்டும். ராஜா புத்தாடை உடுத்துகிற நாள். காத்திருந்தார்.

பட்டாபிஷேக நாளும் வந்தது. நிறைந்த சபையில் அரண்மனைத் தையற்காரர் பட்டு அங்கியைக் கொண்டுவந்தார். ராஜா கையை நுழைத்தார். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. தலையை விட்டார். தலை சிக்கிக்கொண்டது. நாலு பேர் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள்.

கனகசபையார் குதித்தார். "அடேய் தையற்காரா, என்ன துணிச்சல்!"

தையற்காரர் ஓர் ஓலையை நீட்டினார். "அரண்மனை அளவு ஓலைப்படிதான் தைத்தேன் சாமி. பெரிய மகாராஜா காலத்து ஓலை. இளவரசராக இருந்த நம் மகாராஜாவுக்கு அப்போது அஞ்சு வயசு."

"முட்டாளே! ஆள் வளர்ந்தது கண்ணுக்குத் தெரியவில்லையா? வளர்ந்தபிறகு பழைய ஓலையை வைத்துக்கொண்டு அளக்கிறவன் மனுஷனா?" என்று கத்தினார் கனகசபையார்.

திருமேனியார் கைகூப்பினார். "தையற்காரர் மேல் தப்பில்லை, மகாராஜா. நான்தான் தைக்கச் சொன்னேன். ஏழு வருஷமாக நான் சொன்னதைக் கனகசபையார் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்."

ராஜா அங்கியையும் ஓலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "உப்புத்துறைக்கு எத்தனை கிணறு வேண்டுமோ வெட்டும். நாற்பது கட்டில் போடும். வளைவு வேண்டாம். கனகசபையாரே, நீர் ஒரு வருஷம் அங்கே குடமெடுத்து வரிசையில் நில்லும்!"

மறுநாளே இருநூறு கிணறு வெட்டிகளுடன் திருமேனியார் புறப்பட்டார். குடமும் கையுமாகக் கனகசபையாரும் கூடப் போனார். சபையில் நடந்ததை நினைத்துத் திருமேனியார் வழியில் இரண்டு தடவை தமக்குள் சிரித்துக்கொண்டார்.

உப்புத்துறைக் கிணற்றடியில் ஒருவரும் இல்லை. கனகசபையார் குடத்தை வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். நிற்பதற்கு வரிசை இல்லை. தெருவில் பாதிக் கதவுகள் வெளியே பூட்டியிருந்தன.

கொற்றாயி வைத்தியசாலைப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ராஜா உத்தரவு கொடுத்துவிட்டார்" என்றார் திருமேனியார். சபையில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். ராஜாவின் தலை அங்கியில் சிக்கிய இடத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"ராசா சிரிச்சாரா?" என்று கேட்டாள்.

"சிரித்தார்."

"எம் மக போய் இன்னிக்கு ஆறு நாளாச்சுய்யா." அவள் அழவில்லை. "எத்தனை ஆளு கூட்டியாந்திருக்கீங்க?"

"இருநூறு பேர். எல்லோரும் கிணறு வெட்டத் தெரிந்தவர்கள்."

"கடற்கரைப் பக்கம் அனுப்புங்க. குழி வெட்ட எங்ககிட்ட ஆளு பத்தல."

திருமேனியார் மாலையைக் கழற்றி மடியில் செருகினார். தாமும் ஒரு மண்வெட்டி எடுத்துக்கொண்டார். ஒன்பது நாள் அந்த இருநூறு பேரும் கடற்கரையில்தான் வெட்டினார்கள். பத்தாம் நாள் காலையில் ஊருக்குள் வந்து முதல் கிணற்றைத் தொடங்கினார்கள்.

பதினெட்டே அடியில் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர்.